இந்தக் கீரிக்குப் பெயர் என்ன?

புதன், கிருஷ்ணகிரி

குழந்தைகளோடு அருங்காட்சியகம் போகிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே உள்ளே போய், பசி எடுப்பதற்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் எத்தனை அறை பார்த்தோம் என்ற கணக்கு வேண்டாம். ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் அரை மணி நேரம் நின்றாலும் அது வெற்றிதான்.

அரையாண்டு விடுமுறைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறோம். மார்கழிக் குளிர் சென்னைப் பல்லாவரத்துக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லை. ஆயா காய்ச்சிக் கொடுத்த ராகிக் கஞ்சியை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குடித்தார்கள். மகள் இலக்கியா ஆறாம் வகுப்பு. மகன் அமுதன் ஒன்றாம் வகுப்பு. கூட வந்தவள் அண்ணன் மகள் நிலா, இந்த ஊர்க்காரி. ஆகையால் வழியெல்லாம் அவள்தான் தலைமை. "அதோ தெரிகிறதே, அது சையத் பாஷா மலை. மேலே கோட்டை இருக்கிறது. உங்களால் ஏற முடியாது" என்று மூச்சு விடாமல் அறிமுகம் செய்துகொண்டு வந்தாள்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் 1993இல் தொடங்கப்பட்டது. நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மாவட்ட அருங்காட்சியகம் என்றால் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். சிற்பம், நடுகல், பழைய புழங்குபொருள், பாறை, பாடம் செய்த பறவை விலங்குகள், சாடிக்குள் பாம்பு. இயற்கை வரலாற்றுக்கென்று தனி மாளிகை கட்டிய நகரங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைச் சிறியது என்பார்கள். எனக்கு இந்தக் கலவை பிடிக்கும். பாறையும் பாம்பும் ஏர்க்கலப்பையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் ஒரு மாவட்டத்தின் உண்மையான முகம்.

அமுதன் ஒரு கீரியின் முன்னால் நின்றுவிட்டான்.

"அம்மா, இதற்குப் பெயர் என்ன?"

"கீரி."

"அது எல்லாக் கீரிக்கும் பெயர். இந்தக் கீரிக்கு?"

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். இந்தக் கேள்விக்கு வகுப்பில் பதில் தயாரித்து வைத்ததில்லை. "விலங்குகளுக்கு அப்படிப் பெயர் கிடையாது" என்றேன். எதிர்வீட்டு நாய்க்குப் பெயர் இருப்பதை உடனே சுட்டிக்காட்டினான். பிறகு வரிசையாக வந்தன. இது எங்கே இருந்தது? எப்படிச் செத்தது? பாம்பு கடித்தா, பஸ் ஏறியா? இதன் அம்மா எங்கே?

நான் பார்த்த பெரும்பாலான அருங்காட்சியகங்களில் பெட்டிக்குள் இருக்கும் அட்டை, இனத்தின் தமிழ்ப் பெயரையும் லத்தீன் பெயரையும் சொல்லிவிட்டு நின்றுவிடும். பெரியவர்களுக்கு அது போதும். நாம் படிப்பது கீரி இனத்தைப் பற்றி. ஆறு வயதுப் பையனுக்கு இனம் எதற்கு? அவன் எதிரில் நிற்பது ஒரே ஒரு கீரி. அதன் கதைதான் அவனுக்கு வேண்டும்.

அவன் கேட்டதில் பாதியை விஞ்ஞானிகளும் கேட்கிறார்கள் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆராய்ச்சிக்காகச் சேர்த்து வைக்கும் பறவைத் தோல்களின் காலில் ஒரு சிறு சீட்டைக் கட்டியிருப்பார்கள். எந்த ஊர், எந்தத் தேதி, யார் சேகரித்தது, ஆணா பெண்ணா என்று அதில் எழுதியிருக்கும். சீட்டு அறுந்து விழுந்துவிட்டால் அந்தத் தோலுக்குப் பாதி மதிப்புப் போய்விட்டது என்று பொருள். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் பார்வைக்கு வைத்திருப்பது கொஞ்சம்தான். சீட்டுக் கட்டிய கூட்டம் உள்ளறைகளின் இழுப்பறைகளில் கிடக்கிறது. இதைச் சொன்னேன். "அந்தச் சீட்டில் பெயர் இருக்குமா?" என்றான். எண் இருக்கும் என்றேன். எண் அவனுக்குப் பிடிக்கவில்லை.

இலக்கியாவுக்கு வேறு வருத்தம். பாடம் செய்வது என்றால் தோலை உரித்துப் பதப்படுத்தி, உடலின் வடிவத்தில் செய்த ஒன்றின் மேல் போர்த்துவது, கண் வெறும் கண்ணாடி என்று விளக்கியதும், "அப்படியானால் இது கீரியே இல்லையே, கீரியின் சட்டைதானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏமாற்றப்பட்ட கோபம்.

பாம்புச் சாடிகளிடம் நிலா எங்கள் ஆசிரியை ஆனாள். திரவத்தில் ஊறிய பாம்புகள் நாளடைவில் நிறம் இழந்து எல்லாமே ஒரே பழுப்பாகிவிடும். நல்லபாம்பையும் சாரையையும்கூட அட்டை பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நிலாவுக்கு அட்டை வேண்டியிருக்கவில்லை. கட்டுவிரியன் உடம்பில் வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக வரும். சுருட்டைவிரியன் சிறியது, உடம்பை உரசிச் சத்தம் எழுப்பும். கண்ணாடிவிரியன் குக்கர் விசில் மாதிரி சீறும், அவள் தாத்தாவின் கொல்லையில் கேட்டிருக்கிறாளாம். நல்லபாம்பையும் சேர்த்து இந்த நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிவு மருந்துதான் நம் நாட்டில் கொடுக்கிறார்கள் என்று நான் என் பங்கைச் சொன்னேன். விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தார்.

"அந்தக் குதிரைக்குப் பெயர் என்ன?" என்றான் அமுதன்.

பசி எடுப்பதற்கு முன் வெளியே வந்துவிட்டோம்.

வியாழன், கிருஷ்ணகிரி

அண்ணன் கிரானைட் பாலிஷ் போடும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். நேற்று பாறை அலமாரியைக் கடந்து ஓடியவர்களை இன்று அவருடைய பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கையளவுத் துண்டுக்கு முன்னால் நின்று "இது நைஸ்" என்று ஒரு பாறை வகையின் பெயரைப் படிப்பதைவிட, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கல்லைக் கேங்சா என்ற பெரிய ரம்பம் அறுப்பதைப் பார்ப்பது மேல். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, ரம்பம் முன்னும் பின்னும் போகிறது, கல் வெண்மையான சேறாக வழிகிறது. காதைப் பொத்திக்கொண்டு மூவரும் அசையாமல் நின்றார்கள்.

அறுத்து மெருகேற்றிய ஒரு பலகையை அண்ணன் காட்டினார். 'பாரடைசோ' என்று வெளிநாட்டுக்குப் போகும் கல். ஊதாவும் இளஞ்சிவப்பும் கறுப்பும் அலை அலையாக ஓடுகிற இந்தக் கல் கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு உரியது. அலை எங்கிருந்து வந்தது என்று இலக்கியா கேட்டாள். பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில், வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறையின் ஒரு பகுதி உருகி, மீதி உருகாமல் வளைந்து நெளிந்து, பிறகு அப்படியே இறுகியிருக்கிறது. இந்தப் பக்கத்துப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அப்போது கீரி இல்லை, பாம்பு இல்லை, புல்கூட இல்லை. நுண்ணுயிர்கள் மட்டும் இருந்தன. இதைக் கேட்டு அமுதன் நிம்மதி அடைந்தது போலத் தோன்றியது. பெயர் கேட்க யாரும் இல்லை அல்லவா!

அப்படியும் சொல்ல முடியாது. இங்கே இருந்து தெற்கே போகப் போகச் 'சார்னகைட்' என்ற கருநீலச் சாயலுள்ள பாறை வந்துவிடும். அது ஓர் ஆளின் பெயர். கல்கத்தா நகரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரி 1690களில் இறந்தார். அவருடைய கல்லறைக்குப் போட்ட கல் இந்த வகை. அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் பாறைக்கே அந்தப் பெயரை வைத்தார். கல்லறைக் கல் எங்கிருந்து போனது தெரியுமா? எங்கள் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்துதான். குழந்தைகள் தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் பார்க்கிற குன்று அது. "நம் ஊர்க் கல்லுக்குச் செத்துப்போனவர் பெயரா?" என்று அமுதன் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான்.

கறுப்பு கிரானைட் என்று சமையல் மேடைக்கு வாங்குகிறோமே, அது கிரானைட்டே இல்லை என்று அண்ணன் சொன்னார். பழைய பாறையின் பிளவுகளில் எரிகுழம்பு புகுந்து இறுகிய டாலரைட். கடையில் அதைச் சொன்னால் வாங்குகிறவர்கள் சந்தேகப்படுவார்கள், அதனால் யாரும் சொல்வதில்லையாம்.

கழிவுக் குவியலில் வெள்ளைப் பளிங்குத் துண்டு ஒன்று கிடந்தது. அண்ணன் டீக்கடையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று வரவழைத்து, பாதியை அதன் மேல் பிழிந்தார். குனிந்து பார்த்தால் பொடிப் பொடியாகக் குமிழ் வந்துகொண்டிருந்தது. சாறு உலர்ந்த இடத்தில் பளபளப்பு போய் மங்கலாக ஒரு வட்டம். பளிங்கில் இருப்பது கால்சியம் கார்பனேட், புளிப்புப் பட்டால் கரியமில வாயு வெளியேறும். "ரசம் வைக்கிற வீட்டில் அடுப்படிக்குப் பளிங்கு போடாதீர்கள் என்று இதற்காகத்தான் தலையால் அடித்துக்கொள்கிறோம்" என்றார். மறுபாதியைப் பாரடைசோவின் மேல் பிழிந்தார். ஒன்றும் நடக்கவில்லை. துடைத்தால் பழையபடி மின்னியது.

இன்று மாலைக்குள் இலக்கியா எலுமிச்சை பிழிந்து பார்த்தவை: முட்டை ஓடு, அம்மி, வாசல்படி, கோலமாவு, ஆயாவின் வெற்றிலைச் சுண்ணாம்பு. ஆயா சுண்ணாம்பு டப்பாவைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டதோடு ஆராய்ச்சி நின்றது.

வெள்ளி, கிருஷ்ணகிரி

அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. எங்களுக்கும்தான். ராகிக்களி, மொச்சைக்கொட்டைக் குழம்பு, தூக்கம்.

செய்தித்தாளில் யானைச் செய்தி இருந்தது. மழை முடிந்து ராகி முற்றும் நாட்களில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைகள் வருவது ஆண்டுதோறும் நடப்பது. இங்கே காட்டின் ஒரு பகுதியை 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். எல்லைக்கோடு யானைக்குத் தெரியுமா? ராகி வாசனைதான் தெரியும். போய்ப் பார்க்கலாமா என்று அமுதன் கேட்டான். அண்ணி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரவெல்லாம் தீப்பந்தத்தோடு வயலைக் காக்கிறவர்களுக்கு நடுவில் போய் வேடிக்கை பார்ப்பது நன்றாகவும் இருக்காது.

சனி, தருமபுரி

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி, நிப்பட் பொட்டலத்தைப் பிரித்து, காவேரிப்பட்டணம், காரிமங்கலம் தாண்டி தருமபுரி. நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். புவியியல் படிக்கிறவர்கள் இந்த வழியை வேறு மாதிரி பார்க்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்கே வர வர, பழங்காலத்தில் இன்னும் ஆழத்தில் கிடந்த பாறைகள் மேலே வெளிப்பட்டிருக்கின்றன. நைஸ் குறைந்து சார்னகைட் கூடிக்கொண்டே போகும். பஸ் சமதரையில்தான் ஓடுகிறது, கணக்குப்படி நாங்கள் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். இதைக் கேட்டபின் நிலா ஜன்னலை மூடச் சொன்னாள். குளிருக்காகத்தான் என்று பிறகு சமாளித்தாள்.

பஸ் நிலையத்துக்கு வெளியே கரும்புச்சாறு. தகடூரை, அதாவது இந்தத் தருமபுரியை, ஆண்ட அதியமான் மரபைப் பற்றி எல்லோருக்கும் நெல்லிக்கனிக் கதை தெரியும். கரும்புக் கதை பலருக்குத் தெரியாது. அதியமானின் முன்னோர் கிடைத்தற்கரிய கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஒரு பயிர் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்ற செய்தியை, கொண்டுவந்த குடும்பத்தையும் சேர்த்து, பாட்டில் பதிந்து வைத்திருக்கிறார்கள். தருமபுரியில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டே இதைச் சொல்லும் வாய்ப்பை எந்த வாத்தியாரம்மாவும் விடமாட்டாள். மூவரும் ஐஸைக் கடித்துக்கொண்டே கேட்டார்கள்.

தொல்லியல் துறையின் அருங்காட்சியகமான அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. 1970களில், இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில், செங்கம், தருமபுரி வட்டாரங்களில் துறையினர் ஊர் ஊராகப் போய் நடுகற்களைத் தேடிப் படித்தார்கள். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் கேட்பாரற்றுக் கிடந்த கற்களிலிருந்து பல்லவர் காலத்துப் பேச்சு வெளிவந்தது.

கல்லின் முன்னால் குழந்தைகளை நிறுத்தும்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் அவர்களே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். வில் இருக்கிறது, குத்துவாள் இருக்கிறது, ஆள் ஒருகால் முன்வைத்துப் பாய்கிறான். உடம்பில் அம்பு தைத்திருக்கிறது. கால்மாட்டில் கிண்டி போல ஒன்று, சிமிழ் போல ஒன்று. ஓரத்தில் மாடுகள். இலக்கியா எழுத்தைத் தடவ ஆசைப்பட்டாள், கூடாது என்று தடுத்தேன். வட்டெழுத்து. தமிழ்தான், ஆனால் அவளால் ஓரெழுத்தும் கூட்ட முடியவில்லை. தன் மொழியைத் தன்னால் படிக்க முடியாத எரிச்சல் அவள் முகத்தில் அப்படியே இருந்தது. நல்ல எரிச்சல்.

அமுதன் தன் கேள்வியைக் கேட்டான். "இவன் பெயர் என்ன?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். நடுகல் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் போகும். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், பெயர் என்ன, எதற்காகச் சண்டை. தொறு என்றால் மாட்டுக்கூட்டம், பட்டவன் என்றால் இறந்தவன். தொறு மீட்டுப் பட்டவன், தொறு கொண்டபோது பட்டவன். கடைசியில் 'கல்' என்று முடியும். எங்கே, எப்போது, யார், எப்படிச் செத்தான்? புதன்கிழமை அவன் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முன்னால், காட்டோர ஊர்க்காரர்கள், மாடு மேய்க்கிறவர்கள், பறவைக் காலில் சீட்டுக் கட்டும் விஞ்ஞானிகளைப் போலவே விவரம் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"மனுஷனுக்கு எழுதுவார்கள். மாட்டுக்கு எழுதுவார்களா?" என்றான்.

அப்போது கோவிவன் கதையைச் சொன்னேன். இங்கே இல்லை, திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்துபோனான். கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாய்க்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று.

அமுதன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கோவிவன் செத்துவிட்டதா?" என்றான். காத்து நின்றது என்றுதான் எழுதியிருக்கிறது என்றேன். "அப்படியானால் சாகவில்லை" என்று முடிவு கட்டிவிட்டான். நான் மறுக்கவில்லை. கல்வெட்டு அறிஞர்கள் மறுப்பார்களோ என்னவோ.

மாலையில் அண்ணியின் தம்பி தன் ஆட்டோவில் ஊருக்கு வெளியே ஒரு வேடியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கோயில் என்றால் கோபுரம் இல்லை. வேப்பமரம், அடியில் ஒரு நடுகல். இந்தப் பக்கம் பல ஊர்களில் நடுகல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் படிந்து படிந்து உருவமே தெரியவில்லை. ஆட்டோவின் முகப்பு விளக்கைப் பக்கவாட்டில் அடித்ததும் தெரிந்தது. வீரனுக்கு எதிரே ஒரு புலி, பின்னங்காலில் எழும்பி நிற்கிறது. ஆளும் புலியும் ஒரே உயரம். வீரனின் குத்துவாள் புலியின் வயிற்றில், புலியின் நகம் வீரனின் தோளில். வால் மட்டும் மேலே சுருண்டு, செதுக்கியவனுக்கு அதில்தான் ஆசை அதிகம் போலிருக்கிறது, அத்தனை அழகு. புலி குத்திப் பட்டவர்களுக்கும் பன்றி குத்திப் பட்டவர்களுக்கும் கல் நட்ட நாடு இது. எந்தக் காட்டில் எந்த விலங்கு மனிதனுக்கு இவ்வளவு அருகில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி எங்கே போய்த் தேடுவது? எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி வந்து கற்பூரம் ஏற்றினார். கும்பிட்டது வீரனை மட்டுமா, புலியையும் சேர்த்தா என்று நிலா அவரிடமே கேட்டுவிட்டாள். "இரண்டும் ஒரே கல்லில்தானே அம்மா இருக்கிறது" என்றார் பாட்டி.

ஞாயிறு, ஒகேனக்கல்

ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போகாதீர்கள். சொல்ல வேண்டியது சொல்லிவிட்டேன், நாங்கள் போனோம். பென்னாகரம் தாண்டியதும் காடு, வளைந்து வளைந்து இறக்கம், சாலையோரம் குரங்குகள். இலக்கியா வாந்தி எடுக்காமல் வந்தது இந்தப் பயணத்தின் பெரிய சாதனை.

முதலில் வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையம். காவிரியில் இருப்பது சதுப்பு நில முதலை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் கிடந்தன. கோபம் இல்லை, கடிக்கும் உத்தேசமும் இல்லை, உடம்புச் சூட்டைத் தணிக்க வாயைத் திறந்து வைக்கின்றன. வாயை மூடினாலும் கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரியும். அதைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு ஐஸ்கிரீம் என்றேன். மூவரும் கண்டுபிடித்துவிட்டார்கள், செலவு எனக்கு.

இலக்கியாவைப் பிடித்து நிறுத்தியது வேறு செய்தி. முதலை முட்டையில் இருப்பது ஆணா பெண்ணா என்பது முட்டை இடும்போது முடிவாவதில்லை. மணலுக்குள் முட்டை கிடக்கும் கூட்டின் வெப்பம் முடிவு செய்கிறது. சதுப்பு நில முதலைக்கு 32, 33 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண் நிறைய, அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் பெண். "ஒரு மரம் நிழல் விழுந்தால் மாறிவிடுமா?" என்று கேட்டாள். மாறலாம். "அப்படியானால் அந்த மரத்தை வெட்டினால்?" இவள் அறிவியல் ஆசிரியையின் மகள்தான் என்று முதல் தடவையாக நம்பினேன்.

ஆற்றங்கரை முழுக்க எண்ணெய்ச் சட்டிகள். மசாலா தடவிய மீன்கள் தட்டில் வரிசையாகக் கிடக்கின்றன. இதுவும் ஓர் இயற்கை வரலாற்றுக் காட்சிதான், பெட்டிக்குக் கண்ணாடி இல்லை, அவ்வளவே. கடைக்கார அம்மாவிடம் அமுதன் ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டான். கட்லா, ரோகு, ஜிலேபி. கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளி மீன்கள். வளர்ப்புக்காகத் தெற்கே கொண்டுவந்து விட்டவை. ஜிலேபி ஆப்பிரிக்கா மீன், 1950களில் இந்தியா வந்தது. காவிரிக்கரையில் காவிரி மீன் என்று நாம் ஆசையாகச் சாப்பிடுவதில் பெரும்பகுதி வந்தேறிகள். அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்ததைப் பாட ஔவையார் இருந்தார், ஜிலேபியைப் பாட ஆள் இல்லை.

காவிரிக்கே உரிய பெரிய மீன் ஒன்று உண்டு. திமில் வைத்த மஹசீர். தூண்டில்காரர்கள் நூற்றைம்பது ஆண்டாக அதன் பெருமையைப் பேசியும், அறிவியலில் அதற்குச் சரியான பெயர் இல்லாமலேயே இருந்தது. 2011இல் கேரளத்தின் பாம்பாற்றில் பிடித்த மஹசீருக்கு, அந்த ஆறும் காவிரிக்குத்தான் வந்து சேர்கிறது, 'டார் ரெமாதேவியை' (Tor remadevii) என்று பெயர் வைத்தார்கள். காவிரியின் திமில் மஹசீரும் அதுவும் ஒன்றே என்று 2018இல் தெளிவானது. தெளிவான அதே ஆண்டில் அழியும் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் அது சேர்ந்துவிட்டது. ரெமாதேவி என்பது இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் மீன்களை ஆராய்ந்த ஒரு பெண் விஞ்ஞானியின் பெயர்.

"மீனுக்கு ஒரு டீச்சர் பெயரா!" என்றான் அமுதன். டீச்சர் இல்லை, விஞ்ஞானி. அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தச் சந்தோஷத்தில் தன் தட்டில் இருந்த ஜிலேபிக்கு மணிகண்டன் என்று பெயர் வைத்துவிட்டான். வைத்த பிறகு எப்படிச் சாப்பிடுவது? நிலாதான் மணிகண்டனைச் சாப்பிட்டாள். முள்ளை மட்டும் மரியாதையாக இலையில் மடித்துவைத்தாள்.

இலக்கியா மீனோடு கொடுத்த எலுமிச்சைத் துண்டுகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு பாறைகளுக்குப் போனாள். ஒகேனக்கல் பகுதியில் கார்பனடைட் என்ற அரிய பாறை உண்டு, வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள், இந்த வகையில் உலகத்திலேயே மிகப் பழையவற்றில் ஒன்று என்று நான் பஸ்ஸில் சொல்லியிருந்தேன். வழக்கமாக எரிகுழம்பில் சிலிக்கா மிகுதியாக இருக்கும். இது கார்பனேட் குழம்பு இறுகி வந்த பாறை. இன்றைக்கு அப்படிப்பட்ட குழம்பைக் கக்குவது உலகத்தில் ஒரே ஓர் எரிமலை, டான்சானியாவில் இருக்கிறது. கார்பனேட் என்றால் குமிழ் வர வேண்டும் அல்லவா? அருவியை ஒட்டிய பாறை ஒவ்வொன்றிலும் பிழிந்து, முழங்காலிட்டு, மூக்கு படும் தூரத்தில் பார்த்தாள். வரவில்லை. அருவி விழுவது வேறு வகைப் பாறையில். கார்பனடைட் இந்த வட்டாரத்தில் அங்கங்கே பட்டை பட்டையாகத்தான் புகுந்திருக்கிறது. பரிசல்காரரிடம் போய், எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கும் கல் எங்கே இருக்கிறது என்று விசாரித்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எலுமிச்சை எதற்குப் பாப்பா, வழுக்கும் கல், வழுக்காத கல், இதை மட்டும் தெரிந்துகொள்" என்று உயிர்காப்பு உடையை மாட்டிவிட்டார்.

பரிசலில் சுற்றிவிட்டு, நனைந்த துணியோடு நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தோம். இருட்டிவிட்டால் அந்தக் காட்டுச் சாலையில் யானை நடமாட்டம் இருக்கும். இலக்கியாவின் பை கல்லாகக் கனத்தது. பென்னாகரம் வந்ததும் கைப்பேசியில் அண்ணனை அழைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். இது குவார்ட்ஸ், இது ஃபெல்ஸ்பார், இதில் மின்னுவது அப்பிரகம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் கைக்குட்டையில் தனியாகச் சுற்றி வைத்திருந்த கறுப்புக் கல்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ரோடு போடக் கொட்டிய ஜல்லியாம், கிரஷரில் உடைத்தது, தினம் நூறு லோடு போகிறதாம்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக் காலை பட்டறைக்கே நேரில் வருகிறாளாம், ஒரு முழு எலுமிச்சம்பழத்தோடு.